சுத்தியலால் அடித்து வாங்கிய மின்சாரம்

சந்திரனுக்குப் போகிறவர்களுக்குச் சுத்தியல் எதற்கு? பாறையை உடைத்துப் பார்க்க என்று சொல்வீர்கள். சரிதான். ஆனால் 1969 நவம்பரில் அங்கே இன்னொரு வேலைக்கும் அது தேவைப்பட்டது.

அப்போலோ 12 பயணத்தில் சந்திரனில் இறங்கியவர்கள் பீட் கான்ராடும் ஆலன் பீனும். நில அதிர்வை அளக்க ஒன்று, காந்தப்புலத்தை அளக்க ஒன்று, சூரியனிலிருந்து வரும் துகள்களைக் கவனிக்க ஒன்று என்று சில கருவிகளை அவர்கள் அங்கே நிறுவிவிட்டு வர வேண்டும். அவர்கள் பூமிக்குத் திரும்பிய பிறகும் அவை தாமாகவே வேலை செய்து தகவல் அனுப்பிக்கொண்டிருக்க வேண்டும். அதற்கு மின்சாரம்? சந்திரனில் ஒரு ராத்திரி என்பது நம் கணக்கில் சுமார் 14 நாள். சூரியத் தகடு அத்தனை நாளும் சும்மா கிடக்கும். பேட்டரியைச் சுமந்து போகலாம் என்றால், இரண்டு வாரம் தாங்குகிற பேட்டரியின் எடைக்கு ராக்கெட் சம்மதிக்காது.

அதனால் அவர்கள் ஓர் உருளையை எடுத்துப் போயிருந்தார்கள். உள்ளே புளூட்டோனியம்-238. இது கதிரியக்கப் பொருள். யாரும் பற்றவைக்க வேண்டாம், காற்று வேண்டாம், அது பாட்டுக்குச் சூடாகவே இருக்கும். பயணத்தின்போது அதைத் தடித்த உறைக்குள் போட்டு, இறங்குகலத்தின் வெளிப்பக்கத்தில் மாட்டியிருந்தார்கள். சந்திரனில் இறங்கியதும் நீளமான ஒரு பிடியால் கவ்வி வெளியே இழுத்து, பக்கத்தில் உள்ள மின்னாக்கியில் செருக வேண்டும். பீன் இழுத்தார். வரவில்லை. சூட்டில் விரிந்து உறைக்குள் இறுகிப்போயிருந்தது. மறுபடி இழுத்தார். அசையவில்லை. கடைசியில் கான்ராட் சுத்தியலை எடுத்து உறையின் பக்கவாட்டில் ஓங்கி அடிக்க அடிக்க, பீன் இழுக்க இழுக்க, உருளை கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது. பல கோடி டாலர் திட்டத்தைக் காப்பாற்றியது நம் ஊர் மெக்கானிக் செய்கிற அதே வைத்தியம்!

இப்போது அந்த மின்னாக்கிக்குள் எட்டிப் பார்ப்போம். மின்சாரம் தயாரிக்கும் இடம் என்றால் நமக்கு என்ன ஞாபகம் வரும்? மேட்டூரில் தண்ணீர் சக்கரத்தைச் சுழற்றுகிறது. நெய்வேலியில் நிலக்கரியை எரித்து, நீராவி உண்டாக்கி, அந்த நீராவியால் சக்கரத்தைச் சுழற்றுகிறார்கள். எப்படியும் ஏதோ ஒன்று சுற்ற வேண்டும். சந்திரனுக்குப் போன மின்னாக்கியில் சுற்றுவதற்கு ஒன்றுமே இல்லை. சக்கரம் இல்லை, பிஸ்டன் இல்லை, நீராவி இல்லை, எண்ணெய் விட வேண்டிய இடம் இல்லை. ஈயமும் டெலூரியமும் சேர்ந்த ஒரு பொருளில் செய்த சின்னச் சின்னக் கட்டைகள் வரிசையாக நிற்கும். அவற்றின் ஒரு முனை சூடான உருளையின் பக்கம். மறுமுனை, வெளியே விரிந்து நிற்கும் உலோக இறக்கைகளின் பக்கம். அவ்வளவுதான்.

உருளை தந்த வெப்பம் ஏறக்குறைய 1,500 வாட். அதிலிருந்து கிடைத்த மின்சாரம் சுமார் 70 வாட். கூரையில் மாட்டுகிற சாதாரண மின்விசிறி ஒன்றுக்குத்தான் காணும். மீதி முழுக்க இறக்கைகள் வழியாக வானத்தில் வீண். இப்படி ஒரு ஊதாரி இயந்திரத்தை யார் விரும்புவார்கள் என்று கேட்கத் தோன்றும். ஆனால் அந்த ஊதாரி எட்டு வருடத்துக்குக் கொஞ்சம் குறைவாக, ஒரு நாள்கூட யாரும் வந்து பார்க்காமல், ஓடியது. 1977 செப்டம்பர் 30 அன்று அதோடு இணைந்த கருவிகளைப் பூமியிலிருந்து ஆணை அனுப்பி நிறுத்தினார்கள். பழுதானதால் அல்ல, செலவைக் குறைக்க.

சூட்டை மட்டும் வைத்துக்கொண்டு, எதையும் சுழற்றாமல் மின்சாரம் எடுக்க முடியும் என்று எப்படித் தெரிந்தது? அதற்கு 1821-ஆம் வருடத்து பெர்லினுக்குப் போக வேண்டும்.

அங்கே தாமஸ் யோஹான் சீபெக் என்று ஒருவர் இருந்தார். மருத்துவம் படித்தவர், இயற்பியல் ஆராய்ச்சியில் இறங்கிவிட்டவர். செம்பும் பிஸ்மத்தும் ஆகிய இரண்டு உலோகங்களை இரு முனையிலும் சேர்த்து ஒரு வளையமாக்கினார். ஒரு முனையை மட்டும் சூடாக்கினார். வளையத்துக்குள் வைத்திருந்த திசைகாட்டியின் ஊசி திரும்பியது! சூட்டை நிறுத்தி முனை ஆறியதும் ஊசி பழைய இடத்துக்கு வந்தது.

ஊசி திரும்பியதால், சூட்டினால் உலோகம் காந்தமாகிவிட்டது என்று சீபெக் முடிவு கட்டினார். பூமியின் காந்தத்தன்மைக்குக்கூட இதுதான் காரணமாக இருக்கும், துருவம் குளிர்ச்சி, நடுப்பகுதி சூடு, அதனால் பூமி காந்தமாக இருக்கிறது என்று யோசித்துக்கொண்டே போனார். டென்மார்க்கில் ஓர்ஸ்டெட் என்ற விஞ்ஞானி இருந்தார். கம்பியில் மின்னோட்டம் போனால் பக்கத்தில் உள்ள காந்த ஊசி திரும்பும் என்று அதற்கு முந்தைய வருடம்தான் உலகத்துக்குக் காட்டியிருந்தார். அவர் பார்த்த மாத்திரத்தில் விஷயத்தைப் பிடித்துக்கொண்டார்: வளையத்தில் மின்னோட்டம் ஓடுகிறது, அதுதான் ஊசியைத் திருப்புகிறது. சீபெக் கடைசிவரை இதை மனதார ஏற்றுக்கொள்ளவில்லை. இருந்தாலும் இன்று அந்த விளைவுக்கு அவர் பெயர்தான். பிளஸ் டூ இயற்பியல் பாடத்தில் 'சீபெக் விளைவு' என்று படிப்பீர்கள்.

இதை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டட வேலையில் கம்பி கட்டுவார்களே, அந்தக் கட்டுக்கம்பி ஒரு முழம் வேண்டும். அது இரும்பு. செம்புக் கம்பி இரண்டு துண்டு வேண்டும். மோட்டார் காயில் கம்பியாக இருந்தால் மேலே கண்ணுக்குத் தெரியாத வார்னிஷ் பூச்சு இருக்கும். முனைகளை உப்புத்தாளால் பளபளவென்று வரும்வரை தேய்த்துவிடுங்கள். பலருக்கும் சோதனை சொதப்புவது இந்த இடத்தில்தான். இரும்புக் கம்பியின் இரு முனையிலும் ஒவ்வொரு செம்புக் கம்பியை இறுக்கி முறுக்குங்கள். முறுக்கிய இடங்கள் நனையாமல் சின்னப் பாலித்தீன் உறையில் போட்டுக்கொள்ளுங்கள். செம்புக் கம்பிகளின் மறுமுனைகளை மல்டிமீட்டரில் மாட்டி, 200 மில்லிவோல்ட் அளவில் வையுங்கள்.

ஒரு முறுக்கை ஐஸ் தண்ணீரிலும் இன்னொன்றை நன்றாகக் கொதித்த தண்ணீரிலும் வைத்தால் மீட்டரில் 1 மில்லிவோல்ட்டை ஒட்டி ஏதோ ஒரு எண் வரும். ஒரு வோல்ட்டில் ஆயிரத்தில் ஒரு பங்கு. டார்ச் பல்பின் ஓரம்கூடச் சிவக்காது. ஆனால் முக்கியமான பகுதி இனிமேல்தான். ஐஸில் இருந்த முறுக்கையும் எடுத்து வெந்நீரில் போடுங்கள். இப்போது முன்பைவிட அதிகச் சூடு கொடுக்கிறீர்கள். மின்சாரம் கூட வேண்டாமா? மீட்டர் பூஜ்யத்துக்குப் போய்விடும்.

இதை நன்றாகப் பிடித்துக்கொள்ளுங்கள். மின்சாரம் தருவது சூடு அல்ல. இரண்டு முனைக்கும் நடுவில் உள்ள சூட்டின் வித்தியாசம். சந்திரனுக்குப் போன மின்னாக்கிக்கு இறக்கை எதற்கு என்று இப்போது புரியும். உருளையைச் சூடாக வைத்திருப்பது எவ்வளவு அவசியமோ, மறுமுனையை ஆற வைப்பதும் அவ்வளவு அவசியம்.

கம்பிக்குள் என்ன நடக்கிறது? உலோகத்துக்குள் எலக்ட்ரான்கள் எந்த அணுவோடும் ஒட்டிக்கொள்ளாமல் அலைந்துகொண்டிருக்கும். ஒரு முனையைச் சூடாக்கினால் அங்கே உள்ளவை வேகம் பிடிக்கும். வேகமானவை குளிர்ந்த பக்கமாகப் பரவும். பல உலோகங்களில் இப்படிக் குளிர்ந்த முனையில் எலக்ட்ரான் கூடிப்போகும், சூடான முனையில் குறைந்துபோகும். அந்த ஏற்றத்தாழ்வுதான் மின்னழுத்தம். அப்படியானால் ஒரே உலோகம் போதாதா, இரண்டு எதற்கு? மின்னோட்டம் ஓட வேண்டுமானால் போன பாதைக்குத் திரும்பி வரும் பாதை ஒன்று வேண்டும். திரும்பும் பாதையும் அதே உலோகமாக இருந்தால் அங்கேயும் அதே அளவு தள்ளல் இருக்கும். இது ஒரு பக்கம் தள்ள, அது எதிர்ப் பக்கம் தள்ள, கணக்கு நேராகிவிடும். இரும்பும் செம்பும் வெவ்வேறு அளவு தள்ளுவதால்தான் நமக்குக் கொஞ்சம் மிஞ்சுகிறது. இப்படிச் சேர்த்த இரு உலோகங்களுக்கு 'வெப்ப மின்னிரட்டை' என்று பெயர்.

இந்தக் கொஞ்சூண்டு மின்னழுத்தமே பெரிய வேலைகளைச் செய்கிறது. கேஸ் கீசரிலும் ஹோட்டல் அடுப்புகள் சிலவற்றிலும் சுடருக்குப் பக்கத்தில் பென்சில் முனை போல ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். அது வெப்ப மின்னிரட்டை. சுடர் இருக்கும்வரை அதில் சில மில்லிவோல்ட் வந்து, ஒரு சின்ன மின்காந்தம் கேஸ் வால்வைத் திறந்தபடி பிடித்திருக்கும். காற்றில் சுடர் அணைந்தால் முனை ஆறும், மின்சாரம் நிற்கும், ஸ்பிரிங் வால்வை மூடிவிடும். உலைகளின் சூட்டை அளப்பதும் இதே ஜாதிக் கம்பிதான். கண்ணாடிக் குழாய்த் தெர்மாமீட்டரை அங்கே கொண்டுபோனால் கண்ணாடியே உருகிவிடும்.

கொரோனா காலத்தில் கடை வாசலில் நெற்றிக்கு நேரே துப்பாக்கி மாதிரி ஒன்றை நீட்டுவார்களே, ஞாபகம் இருக்கிறதா? அதற்குள் இருப்பது மின்னிரட்டைகளை ஒன்றோடு ஒன்று தொடராகக் கோத்த 'தெர்மோபைல்'. நெற்றியிலிருந்து வரும் அகச்சிவப்புக் கதிர் அதில் பட்டு ஒரு பக்கத்தை மட்டும் துளி சூடாக்கும். அதுவும் நேற்றைய கண்டுபிடிப்பு அல்ல. இத்தாலியைச் சேர்ந்த நோபிலியும் மெல்லோனியும் 1830-களிலேயே பிஸ்மத், ஆண்டிமனி துண்டுகளைக் கோத்து, முப்பது அடி தூரத்தில் ஓர் ஆள் நிற்பதை அவர் உடம்புச் சூட்டை வைத்தே காட்டிக்கொடுக்கும் கருவியைச் செய்துவிட்டார்கள்.

அளப்பதெல்லாம் சரி, ஒரு ரேடியோவையாவது ஓட்ட முடியுமா? உலோகத்தை நம்பினால் கஷ்டம். உங்கள் இரும்புக் கம்பியில் ஒரு டிகிரி வித்தியாசத்துக்குக் கிடைத்தது சுமார் 10 மைக்ரோவோல்ட். அதாவது ஒரு வோல்ட்டில் லட்சத்தில் ஒரு பங்கு. இன்னொரு தொல்லையும் உண்டு. மின்சாரத்தை நன்றாகக் கடத்தும் உலோகம் வெப்பத்தையும் நன்றாகக் கடத்தும். சூடு ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓடிவந்து வித்தியாசத்தையே அழித்துவிடும். நமக்கு வேண்டியது மின்சாரத்தை விடும், வெப்பத்தைத் தடுக்கும் ஒரு பொருள். இரண்டையும் ஒரே பொருளிடம் கேட்பது லேசான காரியம் அல்ல. குறைகடத்திகள்தான் வழி காட்டின. பிஸ்மத்தும் டெலூரியமும் சேர்ந்த பிஸ்மத் டெலூரைடு அப்படி ஒன்று. கனமான அணுக்கள் ஆனதால் அதிர்வைச் சுலபமாக அடுத்த அணுவுக்குக் கடத்தாது. எலக்ட்ரான் அதிகமுள்ள வகை ஒன்று, எலக்ட்ரான் குறைந்து 'துளை'கள் உள்ள வகை ஒன்று என இரண்டு விதமாக அதைச் செய்ய முடியும். இரண்டையும் ஜோடி சேர்த்தால் ஒன்றை ஒன்று அழிக்காமல் கூட்டிக்கொள்ளும். ஒரு ஜோடிக்கு, ஒரு டிகிரிக்கு, சுமார் 400 மைக்ரோவோல்ட்.

இந்தப் பாதையில் முன்னே நடந்தவர்களில் சோவியத் விஞ்ஞானி ஆப்ராம் யோஃபே முக்கியமானவர். இரண்டாம் உலகப் போர் நேரத்தில் காட்டுக்குள் மறைந்திருந்து சண்டை போட்ட சோவியத் கெரில்லாக்களுக்கு அவர் குழு ஒரு பாத்திரம் செய்து கொடுத்தது. பார்த்தால் சமையல் பாத்திரம். அடிப்பாகத்தில் மின்னிரட்டைகள். தண்ணீர் ஊற்றி நெருப்பின் மேல் தொங்கவிட்டால் சில வாட் மின்சாரம் வரும், ரேடியோவில் செய்தி அனுப்பலாம். இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது எது தெரியுமா? உள்ளே தளதளவென்று கொதிக்கிற தண்ணீர்தான் இங்கே 'குளிர்ந்த' பக்கம்! தண்ணீர் எவ்வளவு கொதித்தாலும் 100 டிகிரியைத் தாண்டாது. வெளியே நெருப்போ பல நூறு டிகிரி. வித்தியாசத்துக்கு அது போதும். போர் முடிந்த பிறகு, மின்சாரம் வராத கிராமங்களுக்காக, மண்ணெண்ணெய் விளக்கின் கண்ணாடிக்கு மேலே மாட்டுகிற மின்னாக்கியும் அங்கே வந்தது. விளக்குக்கு விளக்கு, ரேடியோவுக்கு ரேடியோ.

இனி கதையைத் திருப்பிப் போடுவோம். சூட்டின் வித்தியாசம் மின்சாரம் தரும் என்றால், மின்சாரம் கொடுத்தால் சூட்டில் வித்தியாசம் வருமா? வரும். 1834-இல் இதைக் கண்டவர் பெல்டியர் என்ற பிரெஞ்சுக்காரர். கடிகாரத் தொழிலில் இருந்துவிட்டு, முப்பது வயதுவாக்கில் அதை விட்டுவிட்டு அறிவியலுக்கு வந்தவர். இரு உலோகங்கள் சேரும் இடத்தில் மின்னோட்டம் ஒரு திசையில் போனால் குளிர்கிறது, எதிர்த் திசையில் போனால் சூடாகிறது என்று பார்த்தார். நான்கு வருடம் கழித்து ரஷ்யாவில் லென்ஸ் என்பவர் ஒரே சொட்டுத் தண்ணீரில் இதை நிரூபித்தார். பிஸ்மத்தும் ஆண்டிமனியும் சேரும் இடத்தில் சொட்டை வைத்து மின்சாரம் விட்டார், உறைந்தது. மின்னோட்டத்தைத் திருப்பினார், உருகியது.

கட்டட வேலையில் சித்தாள் ஒரு பக்கம் மணலைச் சட்டியில் அள்ளி, மறுபக்கம் போய்க் கொட்டுவார் இல்லையா? பெல்டியர் கண்ட இந்த விளைவுக்காகக் குறைகடத்தியில் செய்த 'பெல்டியர் கட்டி'யில் எலக்ட்ரான்களும் துளைகளும் செய்வது அந்த வேலைதான். ஒரு முகத்தில் வெப்பத்தை அள்ளுகின்றன, மறுமுகத்தில் கொட்டுகின்றன. கொட்டுகிற இடத்திலிருந்து வெப்பத்தை அப்புறப்படுத்தாவிட்டால் அது குவிந்து இந்தப் பக்கமே திரும்பி வந்துவிடும். அதனால்தான் அந்தக் கட்டிக்கு ஹீட் சிங் எனும் உலோக இறக்கைகளும் விசிறியும் இல்லாமல் கரண்ட் கொடுக்கவே கூடாது. கொஞ்ச நேரத்தில் கருகிவிடும்.

கடையில் கிடைக்கும் பெல்டியர் கட்டி 4 சென்டிமீட்டர் சதுரம், பிஸ்கட்டைவிட மெல்லியது. மேலும் கீழும் வெள்ளைப் பீங்கான் தகடு. ஓரத்தில் கண்ணை வைத்துப் பார்த்தால் இரண்டுக்கும் நடுவே குட்டிக் குட்டிக் கறுப்புத் தூண்கள் தெரியும். 12706 என்று எண் போட்ட கட்டியில் அப்படி 127 ஜோடி. 127 என்பது ஜோடிக் கணக்கு, கடைசி 06 என்பது 6 ஆம்பியர்.

வீட்டு ஃபிரிட்ஜில் கம்ப்ரசருக்குப் பதிலாக இதையே வைத்துவிடலாமே என்றால், கரண்ட் பில் கட்டுகிறவர் ஒத்துக்கொள்ள மாட்டார். அதே அளவு குளிர்ச்சிக்குக் கம்ப்ரசரைவிட இது மிக அதிக மின்சாரம் தின்னும். காரில் வைக்கிற சின்னப் பெட்டி போன்றவற்றுக்குச் சரி. ஆனால் சூட்டையும் குளிரையும் மாற்றி மாற்றி, சட்டென்று, துல்லியமாகக் கொடுக்க வேண்டிய இடத்தில் இதற்கு ஈடு கிடையாது. கொரோனாவுக்குச் செய்த ஆர்.டி.பி.சி.ஆர். பரிசோதனை அப்படிப்பட்டது. மாதிரியை 95 டிகிரிக்கு ஏற்றி, 60 டிகிரி பக்கம் இறக்கி, மறுபடி ஏற்றி என்று சுமார் 40 தடவை செய்ய வேண்டும். பெரும்பாலான இயந்திரங்களில் இந்த வேலையைச் செய்வது பெல்டியர் கட்டிதான். மின்னோட்டத்தின் திசையை மாற்றினால் போதும், அடுப்பு ஃபிரிட்ஜாகிவிடும்.

வீணடிக்கும், ஆனால் பழுதாகாது. இந்தக் குணத்துக்கு ஏற்ற இடம் எது? ரிப்பேர் செய்ய ஆள் போக முடியாத இடம். சந்திரனில் அந்தக் கருவிகளை நிறுத்திய அதே 1977 செப்டம்பரில், 5-ஆம் தேதி, வாயேஜர் 1 விண்கலம் கிளம்பியது. அதில் மூன்று புளூட்டோனிய மின்னாக்கிகள். கிளம்பும்போது மொத்தம் சுமார் 470 வாட். சூரியன் வெறும் நட்சத்திரமாகத் தெரியும் தூரத்துக்குப் போன பிறகும் அதற்கு மின்சாரம் வந்துகொண்டிருந்தது. புளூட்டோனியம்-238 பாதியாகக் குறையவே 87.7 வருடம் ஆகும். மின்னிரட்டை இணைப்புகளும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்வதால் வருடத்துக்கு 4 வாட் போலக் குறைகிறது. அதற்கேற்ப ஒவ்வொரு கருவியாக அணைத்துச் சமாளிக்கிறார்கள்.

செவ்வாயில் இரண்டு வண்டிகளுக்கு நடந்ததைப் பாருங்கள். 2018 ஜூனில் அங்கே கிரகத்தையே மூடும் புழுதிப் புயல் எழுந்தது. சூரியத் தகட்டை நம்பிய ஆப்பர்ச்சூனிட்டி ஜூன் 10 அன்று கடைசியாகப் பேசியது. பிறகு பேசவே இல்லை. கியூரியாசிட்டி அதே புழுதிக்கு நடுவே தன்னைத்தானே படம் எடுத்து அனுப்பியது. அதன் முதுகில் 4.8 கிலோ புளூட்டோனியம் ஆக்சைடு. வெப்பம் 2,000 வாட், மின்சாரம் 110 வாட். வீணாகும் வெப்பத்தைக்கூட அங்கே முழுக்க விடவில்லை, குழாய் வழியாக எடுத்து, வண்டியின் வயிற்றுக்குள் இருக்கும் கருவிகளைச் செவ்வாயின் குளிரிலிருந்து காப்பாற்றுகிறார்கள்.

நம் சந்திரயான் 3 இறங்கியது 2023 ஆகஸ்ட் 23 அன்று. திட்ட இயக்குநர் விழுப்புரத்துக்காரர் வீரமுத்துவேல். அதன் இறங்குகலமான விக்ரமும் வண்டியான பிரக்யானும் சூரிய ஒளியில் ஓடியவை. ஒரு சந்திரப் பகல் வேலை செய்வதுதான் திட்டம், அதைச் செய்து முடித்தன. செப்டம்பர் முதல் வாரத்தில் தூங்க வைத்தார்கள். இரண்டு வார ராத்திரிக் குளிருக்குப் பிறகு எழுப்பினால் எழவில்லை. அவற்றிலும் புளூட்டோனியம் வைத்திருக்கலாமே என்றால், புளூட்டோனியம்-238 கடையில் கிடைக்கும் சரக்கு அல்ல, அணு உலையில் சிறுகச் சிறுகத் தயாரிக்க வேண்டும். உலகத்திலேயே அதைச் செய்கிற நாடுகள் மிகக் குறைவு.

உங்களுக்குப் புளூட்டோனியம் வேண்டாம், வெந்நீர் போதும். எலக்ட்ரானிக்ஸ் கடையில் ஒரு பெல்டியர் கட்டியும், பொம்மைக்குப் போடுகிற குட்டி மோட்டார் ஒன்றும் வாங்குங்கள். மிகக் குறைந்த வோல்ட்டில் சுற்றுகிற மோட்டாராகக் கேளுங்கள், சூரியத் தகட்டுப் பொம்மையில் வருவது நல்லது. கட்டியின் இரண்டு வயரையும் மோட்டாரில் மாட்டி, மோட்டார் முனையில் காகித விசிறி ஒன்றைச் செருகுங்கள். அடிப்பக்கம் தட்டையான எவர்சில்வர் டம்ளரில் ஐஸ் தண்ணீர். வெந்நீர் நிரப்பித் தட்டையான மூடி போட்ட எவர்சில்வர் டப்பாவின் மேல் கட்டியை வைத்து, அதன் மேல் ஐஸ் டம்ளரை வைத்து லேசாக அழுத்துங்கள். வெந்நீர் மூடியைத் தொடும் அளவுக்கு இருந்தால் நல்லது. சுற்றவில்லை என்றால் இன்னொரு கட்டியை வாங்கி, ஒன்றின் சிவப்பு வயரை மற்றதன் கறுப்பு வயரோடு சேர்த்துத் தொடராக இணைத்துப் பாருங்கள்.

விசிறி எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு கட்டியை மட்டும் தலைகீழாகத் திருப்பி வையுங்கள். இப்போது எந்தப் பக்கம் சுற்றும் என்று வைத்துப் பார்ப்பதற்கு முன்னாலேயே உங்களால் சொல்லிவிட முடியும்.